சேவு நமுத்துப்போன வீடு

என் நாத்தனார் கல்யாணத்தை வீடியோ எடுத்தவருக்கு எங்கள் மேல் என்ன கோபமோ தெரியாது. தாலி கட்டுகிற நேரத்தில் அவர் ஆட்களுக்குப் பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டார். கேசட்டில் மாப்பிள்ளையின் முதுகுதான் விழுந்திருந்தது. ஆனால் பந்தியில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டும், அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்து எடுத்திருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் அப்போதெல்லாம் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்துச் சொந்தபந்தம் கூடி உட்கார்ந்து கேசட் பார்த்தால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆள் உட்கார இடமில்லை. பந்திக் காட்சி வந்தது. திரையில் நான் ஜிலேபியைப் பாயசத்தில் முக்கிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சாம்பார் வாளிக்காரரைக் கையைத் தூக்கிக் கூப்பிடுகிறார். எங்கள் நான்கு தோள்களும் சேர்ந்து டிவியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

"இவுக ரெண்டு பேரையும் ஒண்ணா எடுக்கணும்னா கேமராவத் தூக்கிக்கிட்டுப் பந்தலத் தாண்டித் தெருவுக்குல்ல போயிருக்கணும்" என்றார் என் சின்ன மாமனார்.

கூடமே சிரித்தது. "ஏலே, அதத் திருப்பிப் போடு" என்று யாரோ சொன்னார்கள். திருப்பிப் போட்டார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான். மனது புண்பட்டால் அவர் அப்படித்தான் சிரிப்பார். நான் பாத்திரம் கழுவுவதுபோல அடுப்படிக்குள் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

மறுநாளே வீட்டில் சட்டம் மாறியது. அவருக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் காசைவிட அதிகமாக யோசனைதான் கொண்டுவருவார்கள். ஒருவர் வெந்நீரில் தேனும் எலுமிச்சம்பழமும் என்றார். ஒருவர் சோறே கூடாது, சப்பாத்திதான் என்றார். இன்னொருவர், குதிரை ஏன் குண்டாவதில்லை என்று கேட்டுவிட்டு, கொள்ளு என்று தானே பதிலும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் எல்லாரையும் நம்பினார். எனக்கும் சேர்த்து நம்பினார்.

காலையில் தேன் வெந்நீர், மதியம் கொள்ளுச் சுண்டல், ராத்திரி காய்ந்த சப்பாத்தி. நான் பாலவனத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டாம் வகுப்பில் நான் வரலாறு நடத்தும்போது, கொள்ளு தின்ற என் வயிறு தனியாக ஒரு பாடம் நடத்தும். முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் டெஸ்க்குக்கு அடியில் எதையோ தேடுவார்கள்.

இதில் பெரிய அவமானம் என் மாமியாருக்குத்தான். அந்த வீட்டில் சமையல் முழுக்க அவர் கையில்.

"ஏத்தா, நான் ஆக்குறது சோறா வெசமா?" என்று என்னைக் கேட்டார்.

"அத்தை, நீங்க நல்லா ஆக்குறதுதான் பிரச்சினையே."

"அதுக்காக நான் கெட்டதா ஆக்கவா முடியும்? எனக்குத் தெரியாதே!"

வாரம் தவறாமல் அவர் காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கி வைப்பார். எங்கள் மகள் சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது ஆகவில்லை. அவளுக்காக என்று பேர். "எங்க கண்ணுல படாம வச்சிருங்க" என்று கேட்டுக்கொண்டோம். அவர் அரிசி டிரம்முக்குள் புதைத்தார். அரிசி அளக்கும்போது நான் கண்டுபிடித்தேன். துவரம்பருப்பு டின்னுக்கு மாற்றினார். அங்கும் குறைந்தது. அது நான் இல்லை. வற்றல் பானைக்கு மாற்றினார். அது நான்.

"வீட்டுல எலி வந்துருச்சு" என்று முடிவுக்கு வந்த மாமியார், கடைவீதியிலிருந்து எலிப்பொறி வாங்கிவந்தார். பொறிக்குள் ஒரு துண்டு சேவு வைத்தார். விடிந்து பார்த்தால் பொறி மூடிக் கிடக்கிறது, எலியும் இல்லை, சேவும் இல்லை. என் வீட்டுக்காரர் அன்று ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். குத்துவிளக்கு விழுந்துவிட்டது என்றார். பாத்திரக்கடைக்காரர் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்.

என் திருட்டு வேறு மாதிரி. பாலவனத்தம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை இருந்தது. பள்ளி விடுகிற நேரத்துக்குச் சரியாக வாழைக்காய் பஜ்ஜி போடுவார்கள். நான் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டு, உள்ளேயே பிய்த்து, இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் போடுவேன். கண்டக்டர் என்னை நெடுநாள் இருமல்காரி என்றே நினைத்திருந்தார். "டீச்சர், ஆடாதொடை எலையைக் கசாயம் வச்சுக் குடிங்க" என்று அக்கறையாகச் சொன்னார்.

அதே பைக்குள்தான் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர்களும் இருக்கும். திருத்திக் கொடுத்த பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், என் பேப்பருக்குப் பின்னாடி எழுதுனது முன்னாடி தெரியுது, இது என்ன டீச்சர்?"

"நல்லா எழுதியிருக்க. அதான் பளிச்சுனு இருக்கு" என்றேன்.

வெளியே சொல்ல வேடிக்கையாக இருக்கிறது. உள்ளே வேடிக்கை இல்லை. அந்த பஜ்ஜி எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உப்பு கூடவா குறையவா, வாழைக்காய் வெந்ததா வேகவில்லையா, எதுவும் தெரியாது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற பயம்தான் தெரியும். தின்று முடித்ததும் என்மேலேயே ஒரு வெறுப்பு வரும். அந்த வெறுப்பில் என்னைத் தண்டிக்க ராத்திரிச் சப்பாத்தியை வேண்டாம் என்பேன். வெறும் வயிற்றோடு படுத்தால் மறுநாள் பஜ்ஜி ஒன்றுக்கு மூன்றாகும். இது போதாதென்று திங்கட்கிழமை விரதம் வேறு. சாமிக்காக இருக்கிற விரதமா, ஞாயிற்றுக்கிழமை தின்ற கறிக்காக இருக்கிற விரதமா என்று சாமி ஒருநாள் கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

இத்தனை பாடுபட்டும் நாங்கள் இருவரும் இளைக்கவில்லை. ஜாக்கெட்டைப் பிரித்துவிடச் சொல்லி டெய்லரிடம் போனேன். அவர் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிரிக்கிறதுக்கு உள்ள துணி இல்லியேம்மா" என்றார். வீட்டுக்காரரின் பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கும் அப்பால் ஆணியால் புதிதாக ஒன்று போடப்பட்டிருந்தது. "ரெண்டு பேருக்குமே தண்ணி ஒடம்பு" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

அவர் சட்டையில் சில நாள் ஒரு வாசனை வரும். பட்டையும் சோம்பும் கலந்த வாசனை. கேட்டால், "பித்தளைக்குப் புதுசா ஒரு பாலீஷ் வந்திருக்கு" என்பார். பாலீஷில் யார் சோம்பு போடுவார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கைப்பையில் பஜ்ஜி வைத்திருப்பவள் அடுத்தவர் சட்டையைத் துருவக்கூடாது.

எல்லாம் உடைந்தது மல்லாங்கிணறு என்கிற ஊரில். என்னோடு வேலைபார்த்த டீச்சர் ஒருவர் அங்கே புதுவீடு கட்டிப் பால்காய்ச்சினார். நல்ல விருந்து. நான் இலையின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கரண்டி தயிர்ச்சோறு மட்டும் வாங்கி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் பெரிய மனதோடு எழுந்தேன். "டீச்சருக்கு என்ன கட்டுப்பாடு பாரு" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பெருமை பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் தாங்கியது. சாயங்காலம் ஆகியிருந்தது. ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடையில் கல்லிலிருந்து சுடச்சுட எடுத்த பரோட்டாவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடைக்குள் ஓர் ஓரமாகப் பலகை அடித்து, சேலைத்துணியில் திரை போட்டு, மேலே 'பேமிலி ரூம்' என்று எழுதியிருந்தார்கள். பெண்பிள்ளைகள் மறைவாக உட்கார்ந்து சாப்பிட. எனக்காகவே கட்டியதுபோல் இருந்தது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நுழைந்தேன்.

சப்ளையர் வழிமறித்தார். "செத்த இருங்கக்கா, உள்ள ஒரு ஆம்பளையாளு சாப்புடுறாக."

"பேமிலி ரூம்லயா?"

"எப்ப வந்தாலும் அங்கதான் உக்காருவாக. வெளிய உக்காந்தா தெரிஞ்சவக பாத்துருவாகளாம். பாவம், நல்ல மனுசன், டிப்ஸெல்லாம் குடுப்பாக."

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தும்மினார். மூன்று ஊருக்குக் கேட்கும் அந்தத் தும்மலோடு நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து குடித்தனம் நடத்துகிறேன். திரையை விலக்கினேன்.

இலை நிறைய பிய்த்துப்போட்ட பரோட்டா. அதன் மேல் சால்னா குளம் கட்டியிருந்தது. பக்கத்தில் ஆம்லெட். வாய் நிறைய என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் வந்த மாற்றத்தை அந்த வீடியோக்காரர் எடுத்திருக்க வேண்டும்.

மென்று விழுங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நீ எங்க இங்க?" என்றார்.

"பஸ்ஸுக்கு வந்தேன்."

"பஸ்ஸு இங்குனயா நிக்குது?"

"நீங்க?"

"லோடு போட வந்தேன். இங்க ஒரு கடைக்கு அண்டா."

"அண்டா எங்க?"

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. சிரித்துச் சிரித்து அந்தப் பெஞ்சில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவரும் சிரித்தார். இந்தமுறை அது புண்பட்ட சிரிப்பு இல்லை. சப்ளையர் ஒன்றும் புரியாமல் நின்றார். "என் வீட்டுல" என்று வீட்டுக்காரர் என்னைக் காட்டிச் சொன்னதும், "அடடே, இன்னைக்குத்தான் இந்த ரூமுக்கு பேமிலி வந்திருக்கு!" என்று எனக்கும் இலை போட்டார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் யாருக்கும் ஒளியாமல் சாப்பிட்டேன். பரோட்டாவின் ஓரம் மொறுமொறுவென்றும் நடு இதழ் மெத்தென்றும் இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. சால்னாவில் கசகசா கொஞ்சம் தூக்கல். மெதுவாகச் சாப்பிட்டேன். ஒன்றரைப் பரோட்டாவில் கை தானாக நின்றது. இன்னும் வேண்டுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வேண்டாம்.

"ஏன், ஒடம்புக்கு என்ன?" என்று பதறினார் அவர். நான் பரோட்டா மீதி வைத்து அவர் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல. போதும்னு இருக்கு."

"போதும்னா?"

"போதும்னாப் போதும்ங்க."

அவர் அதை ஏதோ புதிய பாஷைபோலக் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லாக் குட்டும் வெளிவந்தது. அவருக்கு மல்லாங்கிணறு மட்டும் இல்லை, காரியாபட்டியிலும் ஒரு பேமிலி ரூம் இருந்தது. எலிப்பொறியில் விரல் மாட்டிய கதையைச் சொன்னார். கையை உதறிக்கொண்டு நின்றபோதும் சேவைக் கீழே விடவில்லையாம். நான் பஜ்ஜி இருமலைச் சொன்னேன். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அருப்புக்கோட்டை நெருங்கும்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பசிக்குதான்னு நான் பாத்ததே இல்ல. யாரும் பாக்குறாங்களான்னுதான் பாத்திருக்கேன்."

"கேசட்ல சிரிச்சவக யாரும் நமக்கு ஒரு வேளை சோறு போடப்போறதில்ல. அவுகளுக்காக ஏன் கொள்ளு திங்கணும்?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சேவு டின்னைக் கேட்டேன். எங்கே என்று அவர் சொல்லவில்லை. எலி இனி வராது என்று சத்தியம் செய்த பிறகு, பூஜை அலமாரிக்குக் கீழே, சாம்பிராணி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைக் கூடத்தில், எல்லார் கைக்கும் எட்டுகிற பலகையில் வைத்தேன். கருப்பட்டி மிட்டாயும் அதன் பக்கத்தில். "பசிச்சாத் திங்கிறது. ஆசை வந்தாலும் திங்கிறது. ஆனா உக்காந்து, தட்டுல வச்சு, எல்லாருக்கும் தெரியத் திங்கிறது. போதும்னா நிறுத்திருறது. அவ்வளவுதான்" என்று அறிவித்தேன்.

"வெளங்கிரும்" என்றார் மாமியார்.

முதலில் அவர் சொன்னதுதான் நடந்தது. கட்டை அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி மேய்ந்தோம். டின் காலியாகும், நிரப்புவோம், காலியாகும். கொள்ளுக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட எனக்குப் பயம் வந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம். மகள் ஒரு கருப்பட்டி மிட்டாயை எடுத்துப் பாதி கடித்தாள். மீதியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு விளையாடப் போனாள். நானும் அவரும் அந்தப் பாதி மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏண்டி, மிச்சம் வச்சிட்ட?" என்று கூப்பிட்டார் அவர்.

"போதும்ப்பா."

"நாளைக்குக் கெடைக்காட்டி?"

அவள் அந்தக் கேள்வியை விசித்திரமாகப் பார்த்தாள். "கேப்பேன்" என்றுவிட்டு ஓடிப்போனாள்.

அதற்குப் பிறகு என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த டின்னின் மேலிருந்த வெறி தளர்ந்தது. அது அங்கேயேதான் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும் என்று வயிறு நம்பிவிட்டதுபோல. பள்ளி விட்டு வரும்போது பஜ்ஜியைப் பார்த்தால், பசிக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வேன். பசித்தால் டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஊரறியச் சட்னி தொட்டுச் சாப்பிடுவேன். சில நாள் பசியே இருக்காது. ஹெட்மாஸ்டர் திட்டிய நாளாக இருக்கும். அப்போது பஜ்ஜி வாங்காமல் பஸ்ஸில் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவேன். அது பஜ்ஜியைவிடக் காரமாக இருக்கும். "இருமல் நின்னுருச்சு போல, நான் சொன்ன கசாயம்தான்" என்று கண்டக்டருக்கு ஒரே பெருமை.

ஒருநாள் மாமியார் டின்னைத் திறந்து ஒரு சேவை வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏத்தா, இங்க வா. சேவு நமுத்துப்போச்சு."

எங்கள் வீட்டில் சேவு நமுத்துப்போகிற அளவுக்கு உயிரோடு இருந்ததே இல்லை. அவர் அதைக் கெட்ட சகுனம் என்று எடுத்துக்கொண்டார். "புள்ளைக ஒடம்புல என்னமோ கோளாறு" என்று வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கே போய்வந்தார். நான் அந்த நமுத்த சேவைத் தட்டில் கொட்டி, ஏதோ பரிசு வாங்கியதுபோல வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

அவர் கொஞ்சம் இளைத்தார். பெல்ட்டில் ஆணி போட்ட ஓட்டைக்கு வேலை இல்லாமல் போனது. நான் பெரிதாக ஒன்றும் இளைக்கவில்லை. டெய்லரிடம் போய் என் அளவுக்குப் புதிதாக ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். அதைப் போட்ட முதல் நாள் கையை நன்றாகத் தூக்கிக் கரும்பலகையின் உச்சியில் எழுத முடிந்தது.

அடங்காதது ஒரே ஒரு விஷயம், மாமியாரின் கரண்டி. தட்டில் கையை வைத்து மறைத்தால் கைமேலேயே சோற்றைப் போடுவார். "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்பார். அவரைத் தடுக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. கரண்டியை நான் வாங்கிக்கொண்டு அவரையும் எங்களோடு உட்காரவைத்தேன். மாமனார் இருந்த காலத்திலிருந்தே அவர் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்படியில், மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகியவர். உட்காரவைக்கவே ஒரு மல்யுத்தம் தேவைப்பட்டது.

ரசத்தை ஊற்றப் போனேன். தட்டை இழுத்துக்கொண்டார். "எனக்கு ரசம் புடிக்காதுத்தா."

"தெனம் ரசம்தானே ஊத்திச் சாப்புடுவீக?"

"அதுதானே கடைசில மிஞ்சும்."

வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "உனக்கு என்னதாம்மா புடிக்கும்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "தெரியலியேப்பா" என்றார். யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். இட்லிக்குச் சட்னியைவிடச் சீனி பிடிக்கும் என்று தெரிந்தது. பூரி பிடிக்கவில்லை. ஆட்டுக்கறியில் எலும்போடு இருக்கிற துண்டு, அதை இத்தனை வருஷமும் மகனுக்கே எடுத்துவைத்திருக்கிறார், உயிராம். பாத்திரக்கடைக்காரர் அன்று எலும்பில்லாத கறியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

ஆனால் மாமியார் மனதைப் பறித்தது யாரும் எதிர்பாராதது. வெயில் நாளில் மகளுக்கு வாங்கிய சேமியா ஐஸை ஒரு கடி கடித்துப் பார்த்தவர், திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதன் பிறகு மத்தியானத்தில் தெருமுனையில் ஐஸ் வண்டி ஹாரன் கேட்டால், எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பது மகள் இல்லை. ஆசை வந்த நாளில் போவார், வராத நாளில் ஹாரன் எவ்வளவு கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நான் கூட்டம் போட்டுச் சொன்ன சட்டத்தை, அவர் யாரிடமும் கேட்காமல் என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

ஒருநாள் வாசலில் நின்று அவர் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டம்மாள் வந்து நின்றார். வயதில் என் மாமியாருக்குச் சமமானவர். வாயில் கைவைத்துக்கொண்டார்.

"ஏக்கா, பேத்தி எடுத்த வயசுல நடுத்தெருவுல நின்னு ஐஸா?"

"ஆமா. ஒனக்கு வேணுமா, வேண்டாமா?"

எதிர்வீட்டம்மாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார். ஐஸ் கைக்கு வந்ததும், சைக்கிளில் யாரோ வருவதைப் பார்த்துச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். மறைத்த இடத்தில் சேலை நனைய ஆரம்பித்தது.

"வெளிய எடுத்துத் தின்னுத்தா" என்றார் என் மாமியார், குச்சியைச் சப்பிக்கொண்டே. "உருகிரும்."